மஸ்டர் ரோலைக் காட்டு: தகவல் உரிமை இயக்கம் பற்றிச் சில கேள்விகள்

தகவல் உரிமைக்காகப் போராடிய ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் (தொழிலாளர், விவசாயிகள் சங்கம்) பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம்தானே கொண்டுவந்தது? இயக்கத்துக்கு எதற்குப் பெருமை?

2005இல் நிறைவேற்றியது நாடாளுமன்றம்தான். ஆனால் கோரிக்கை டெல்லியில் பிறக்கவில்லை. 1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் மூவரும் தேவ்டுங்ரி கிராமத்தில் குடியேறினார்கள். 1990 மே தினத்தில் சங்கம் உருவானது. வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் இருக்கிறது" என்றார்கள் அதிகாரிகள். சரி, அந்த மஸ்டர் ரோலை, அதாவது யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்று எழுதும் பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம்! கூலிச் சண்டை தகவல் சண்டையானது இப்படித்தான்.

ஜன் சுன்வாய் என்கிறார்களே, அது கிராம சபை மாதிரியா?

இல்லை, அது மக்களே கூட்டுகிற விசாரணை. முதலாவது 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் நடந்தது. ஊர் நடுவில் பந்தல் போட்டு, மைக்கில் மஸ்டர் ரோலைப் பெயர் பெயராகப் படிப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, பிழைக்க வெளியூர் போனவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகப் பில். பெயருக்குரியவரோ சொந்தக்காரரோ கூட்டத்திலேயே இருப்பார், எழுந்து மறுப்பார். எந்தத் தணிக்கையாளருக்கும் கிடைக்காத சாட்சி இது.

தர்ணாவில் உட்கார்ந்தால் அரசு அசையுமா?

உடனே அசையாது. உள்ளூர்ப் பணிகளின் ஆவண நகல் தரப்படும் என்று ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொன்னார். ஓராண்டாகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் தேதி பியாவர் நகரில் உட்கார்ந்தவர்கள் 40 நாள் எழவில்லை. கிராமங்கள் தானியம் கொடுத்தன, கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். மறுவருடம் ஜெய்ப்பூரில் 53 நாள். அதன் முடிவில் அரசு சொன்னதுதான் வேடிக்கை: நகல் தரும் விதியை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோமாம். தகவல் உரிமைக்கான அறிவிப்பே யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது.

பேசாமல் கட்சி தொடங்கியிருக்கலாமே?

சங்கத்தினர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றதுண்டு. மற்றபடி, எந்தக் கட்சி ஆண்டாலும் கணக்கு கேட்கிற இடத்தில் நின்றதால்தான் எல்லாக் கட்சி வாக்காளரும் தர்ணாவுக்கு வந்தார்கள் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் முன்பே இப்படி ஒரு சட்டம் இருந்ததே?

ஆமாம், 1997இல். மாநிலங்களில் நாம்தான் முதல். ஆனால் விலக்குகள் ஏகப்பட்டவை. கேட்டுப் போராடிய கூட்டமும் பின்னால் இல்லை, சட்டம் ஏட்டோடு நின்றது.

இப்போது சட்டத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு கையில் கொடுத்தது. அதைவிட எனக்குக் கவலை, 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்க வழி செய்திருக்கிறது. மஸ்டர் ரோலில் இருப்பதே ஆள் பெயர்தானே! பெயரை மறைத்துக் கொடுத்தால் ஜன் சுன்வாயில் எதைப் படிப்பது? பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு மட்டும் இன்னும் இருக்கிறது. மனுவிலேயே பொதுநலக் காரணத்தை எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊரில் போட்ட சிமென்ட் சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. என்ன கேட்கலாம்?

"ஏன் பெயர்ந்தது" என்று கேட்காதீர்கள், பதில் வராது. மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளை எழுதும் ஏடு), பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி பணியைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் உரிமை உண்டு. அந்தச் சாலையின் மாதிரியையும் சேர்த்தே கேளுங்கள்.