அப்பா எல்லையைப் பூட்டச் சொல்கிறார்

கேள்வி: என் அப்பா 1989-இல் வேறொருவர் பெயரில் இருந்த பாஸ்போர்ட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து அகதி கேஸ் போட்டவர். இப்போது டிவி செய்தி ஓடும்போதெல்லாம், "காணும், எல்லையைப் பூட்ட வேணும். ஸ்டூடன்ட் விசாவிலை வந்தவங்களும் கேஸ் போடுறாங்கள்" என்கிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் "நீங்கள் வேஷதாரி" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னது தப்பா?
(வாசகி, டொராண்டோ)

பதில்: கத்தியது தப்பு. சொன்னதில் பாதி சரி, அப்பா சொல்வதிலும் பாதி சரி. அவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார், கோபத்தில் நீங்களும் அதையே செய்துவிட்டீர்கள்.

வேலைக்கும் படிப்புக்கும் எத்தனை பேரை அழைப்பது என்பது ஒரு நாடு கணக்குப் போட்டு முடிவு செய்யக்கூடியதுதான். 2025-க்கு 5 லட்சம் என்றிருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை கனடா 2024 அக்டோபரில் 3,95,000 ஆகக் குறைத்தது. வாடகை ஏறிக் கிடக்கும் ஊரில் அதை ஆதரிப்பவர் எல்லோரும் கொடியவர்கள் அல்ல. குடியேறி வந்தவருக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை என்றால் அவருக்கு ஓட்டு எதற்கு? (ஆனால் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகளைக் கூவி அழைத்த கல்லூரிகள் மேல் அப்பாவுக்குக் கோபம் வராதது ஏனோ!)

அகதி விஷயம் வேறு. உயிருக்குப் பயந்து வருபவரை எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்ப முடியாது. அவர் சொல்வது உண்மையா என்று முதலில் கேட்க வேண்டும். நேரில் கேட்காமல் ஒதுக்கக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதே 1985-இல்தான். அந்தத் தீர்ப்பை ஒட்டி வந்த அகதி விசாரணை வாரியம் தொடங்கியது 1989 ஜனவரியில், அதாவது அப்பா வந்த அதே வருடம். அப்பாவின் கள்ளப் பாஸ்போர்ட்டுக்கும் இதில் பதில் உண்டு. ஆபத்திலிருந்து நேரே வந்து தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய் நின்றவரை, முறைகேடாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தம்.

அப்பா வருவதற்கு மூன்று வருடம் முன்பு, 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள். அது தெரிந்ததும் "வரிசையில் நிற்காமல் புகுந்தவர்கள்" என்று ஊர் கொதித்தது. ஆனாலும் தங்க அனுமதி கொடுத்தார்கள். அன்று அவர்களைப் பற்றிப் பேசியதைத்தான் இன்று அப்பா மாணவர்களைப் பற்றிப் பேசுகிறார்.

அந்த மாணவர்களில் பொய்க் கேஸ் போடுபவர்கள் இருக்க மாட்டார்களா? இருப்பார்கள். தீர்ப்புக்கு வருடக்கணக்கில் ஆகும், அதுவரை வேலை பார்க்கலாம் என்றால் பொய்யனுக்கு வசதிதானே. வாரியத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் கேஸ்கள் தேங்கியிருக்கின்றன. ஆளைப் போட்டுச் சீக்கிரம் விசாரித்தால் பொய் அடிபடும். எல்லையைப் பூட்டினால் மெய்யும் சேர்ந்து அடிபடும்.

சரி, வீட்டு விஷயம். மன்னிப்புக் கேளுங்கள், விவாதிக்கப் போகாதீர்கள். இரண்டு நாள் கழித்து, ஏர்போர்ட்டில் அந்த அதிகாரியிடம் முதலில் என்ன சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். டிவியை மட்டும் முன்னாடியே நிறுத்திவிடுங்கள்.