புரொமிஸ்கியூவஸ் மோடும் மேனேஜ்மென்ட் சீட்டும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகனின் லினக்ஸ் கணினியில் 'டிவைஸ் ஈத்0 என்டர்டு புரொமிஸ்கியூவஸ் மோட்' என்ற வரியைப் பார்த்துவிட்டு, "பையன் ஹேக்கிங்கில் இறங்கிவிட்டான், சீக்கிரம் ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடுங்கள்" என்று அவன் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பயப்படவேண்டாம். பத்திரத்துக்குத்தான் பயப்படவேண்டும்.

ஈத்0 என்பது கணினியை நெட்வொர்க்கில் இணைக்கும் கார்டின் பெயர். நெட்வொர்க் கார்டுக்கு 48 பிட் நீளத்தில் சொந்தமாக ஒரு அடையாள எண், அதாவது மேக் முகவரி உண்டு. அந்த முகவரிக்கு வருவதையும், பிராட்காஸ்ட் போலப் பொதுவாக வருவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கார்டே தள்ளிவிடும். புரொமிஸ்கியூவஸ் மோடில் அந்த வடிகட்டல் நின்று, வந்து சேர்வதெல்லாம் இயங்குதளத்துக்குப் போகும். மகன் விர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு லினக்ஸை ஓட்டுகிறான் என்கிறீர்களே, உள்ளே ஓடும் அந்தக் கணினிக்கும் தனி மேக் முகவரி இருக்கிறது. அதையும் நெட்வொர்க்கில் தனிக் கணினிபோலக் காட்டும் பிரிட்ஜ் முறையில் இணைத்தால் அதற்கு வருவதையும் இதே கார்டுதான் வாங்கித் தரவேண்டும், அதனால் இந்த மோடுக்கு மாறுகிறது. நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கேப்சர் தொடங்கினாலும் இதே வரி விழும். இரண்டையும் ஓட்டாத நேரத்தில் வந்திருந்தால் மட்டும், எந்த மென்பொருள் செய்தது என்று அவனையே தேடச் சொல்லுங்கள்.

ஒரு கண்டிப்பு. சொந்த நெட்வொர்க்கில் மட்டும்தான் இதெல்லாம். பக்கத்து வீட்டு வைஃபை, கல்லூரி லேப் என்று அனுமதியில்லாமல் கைவைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் பாயும். மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

இனி சீட் விஷயம். கோர்ஸின் பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். கடன் வாங்கிப் படித்த பையன், வட்டிக்குப் பயந்து கிடைத்த முதல் வேலையில் உட்கார்ந்துவிடுவான். கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பது உறவினர்களின் தேவை, அதற்கு உங்கள் வீடு போகவேண்டாம். அந்தப் பாடத்தில் ஆசையிருப்பதாக அவன் ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை.

நான் சொல்வது அரசு கலைக் கல்லூரியில் பிசிஏ அல்லது பிஎஸ்சி கணினி அறிவியல், கூடவே நெட்வொர்க்கிங். கட்டணம் குறைவு, மாலை நேரம் அவன் கையில் இருக்கும். நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர் இலவசம், வயர்ஷார்க்கும் இலவசம். கணினியை ரௌட்டரில் இணைத்ததும் ஐபி முகவரி எப்படி வருகிறது என்று வயர்ஷார்க்கில் பார்க்கச் சொல்லுங்கள்: டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்று நாலு வரி வரிசையாக விழும். புத்தகத்தில் மனப்பாடம் செய்வது அங்கே கண்ணெதிரே நடக்கும்.

அடுத்த ஆண்டு ஒரு பழைய மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது பல கணினிகளை இணைக்கும், நாமே அமைப்பை மாற்றக்கூடிய பெட்டி, வாங்கிக் கொடுங்கள். ஸ்விட்ச் ஒவ்வொரு ஃபிரேமையும் (தகவல் துண்டையும்) உரிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புவதால், கார்டைப் புரொமிஸ்கியூவஸ் மோடில் வைத்தாலும் அடுத்த கணினியின் பேச்சு பெரும்பாலும் கேட்காது. ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்கும் அனுப்பும் போர்ட் மிரரிங் போட்டு நகல் எடுத்தால்தான் கேட்கும். அந்த நகலில் சுரிக்காட்டா அல்லது ஸ்நார்ட் என்ற காவல் மென்பொருளை ஓடவிட்டு ஊடுருவலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால், வங்கியும் மருத்துவமனையும் டேட்டா சென்டரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை அது. சித்தப்பா குற்றம் என்று நினைத்த அதே மோடில்தான் அந்தக் காவல் கருவி உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டில் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏ எழுதட்டும். டிகிரி கையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கட்டணம் 300 டாலர், வரி தனி. மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கேட்கும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொடக்கத்தில், நெட்வொர்க்கை இரவு பகலாகக் கண்காணிக்கும் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் நைட் ஷிஃப்ட் இருக்கும், சம்பளமும் சுமார்தான். அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓரிரு வருடம் தாங்கினால் செக்யூரிட்டி, கிளவுட் பக்கம் நகரலாம்.

இந்த வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வரி ஏன் வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவன் சொல்வதை எழுதி அனுப்புங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.