கோடிட்ட இடத்தில் யாரை உட்கார வைப்பது?

கேள்வி: வங்கித் தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், கொடுத்திருக்கும் எல்லாச் சொற்களுக்கும் அர்த்தம் தெரிகிறது, ஆனால் பதில் மட்டும் தப்பாகிவிடுகிறது. டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்வதுதான் வழியா? (விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி, அர்த்தத்தை மட்டும் பார்ப்பதால்தான் தப்பாகிறது. வீட்டு அடுப்படிக்கே போவோம். தோசை சுடுகிறோம், இட்லி அவிக்கிறோம், அப்பளம் பொரிக்கிறோம், காபி போடுகிறோம். எல்லாமே சமையல்தான், ஆனால் ‘அப்பளம் அவித்தேன்’ என்று ஒருவர் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. இவற்றை யாரும் மாற்றிப் போட்டுச் சொல்வதில்லை, ஏன் என்று கேட்டால் நமக்கே பதில் தெரியாது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஸ்ட்ராங் டீ உண்டு, பவர்ஃபுல் டீ கிடையாது. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ஜே. ஆர். ஃபர்த் என்ற இங்கிலாந்து மொழியியலாளர், ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்கிற பொருளில் 1957-ல் எழுதினார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனால் பையன் யாரோடு சுற்றுகிறான் என்றுதானே நாமும் முதலில் கேட்போம்!

இந்த வாக்கியத்தைப் பாருங்கள். ‘தி டாக்டர் _____ ஹிம் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்.’ கொடுத்திருக்கும் சொற்கள்: செட், சஜஸ்டட், எக்ஸ்பிளெய்ன்ட், அட்வைஸ்டு. தமிழில் யோசித்தால் நான்குமே ‘சொன்னார்’ வகையறா, அதனால் நான்கும் சரி மாதிரி தெரியும். இப்போது அர்த்தத்தை விட்டுவிட்டு கோட்டுக்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ‘ஹிம் டு ஸ்டாப்’ இருக்கிறது. ‘செட்’ நேராக ‘ஹிம்’ பக்கத்தில் உட்காராது, நடுவில் ஒரு ‘டு’ கேட்கும். ‘எக்ஸ்பிளெய்ன்ட்’டும் அதே கதைதான், நாம் ‘எனக்கு விளக்கினார்’ என்பதை அப்படியே ‘எக்ஸ்பிளெய்ன்ட் மீ’ என்று எழுதி மாட்டிக்கொள்கிறோம். ‘சஜஸ்டட்’டுக்கும் ‘ஹிம் டு’ ஒட்டாது, ‘தட் ஹி ஸ்டாப்’ என்று வேறு வாக்கியம் வேண்டும். மிச்சம் இருப்பது அட்வைஸ்டு. அர்த்தத்தைத் தொடாமலே விடை வந்துவிட்டது, இல்லையா?

அதனால் நோட்டில் ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள், இரண்டு பக்கத்துச் சொற்களோடு சேர்த்து எழுதுங்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று இருபது வருடம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். டிஸ்கஸ் ஆகிவிட்டால் அபவுட் வராது என்று ஒரு பிரூஃப் ரீடர் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஏ, ஆன் வித்தியாசம் சொல்லித்தர முடியவில்லை. யுனிவர்சிட்டிக்கு ஏன் ஆன் வரக்கூடாது என்று கேட்கிறாள். (தேனியிலிருந்து ஒரு அம்மா)

பதில்: அவள் கையில் தமிழ் இருக்கிறதே! ஆங்கில எழுத்தைப் பார்த்தால் குழப்பம், ஓசையைக் கேட்டால் குழப்பமில்லை, தமிழில் எழுதினால் அந்த ஓசை கண்ணுக்கே தெரியும். யுனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் ‘ய’ வரிசையில் தொடங்குகின்றன, அது மெய் சேர்ந்தது, அதனால் ஏ. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை உச்சரிப்புப்படி எழுதினால் ‘அவர்’, அதனால் ஆன். எம்.எல்.ஏ.வும் உயிரெழுத்தில்தான் தொடங்குகிறார், அவருக்கும் ஆன். ஒரு ரூபாய் நாணயத்தில் வரும் ‘ஒன்’னைச் சரியாக உச்சரித்தால் ‘வன்’, ஆகவே ஏ. தமிழில் எழுதி, முதலெழுத்து உயிர் என்றால் ஆன், மெய்யோ உயிர்மெய்யோ என்றால் ஏ, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் வழுக்கும். பேச்சில் நாம் எட்டை ‘யெட்டு’ என்போம், எங்கள் ஊர் டீக்கடையில் எம்.எல்.ஏ. கூட ‘யெம்மெல்லே’தான். அந்த வாயோடு ஆங்கிலத்துக்குப் போனால் முட்டையைக் குறிக்கும் ‘எக்’கும் ‘யெக்’ ஆகி, ஆன் பறிபோகும். பேப்பரில் அச்சடிக்கிற மாதிரி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பஸ்ஸுக்கு ஆன் (on), காருக்கு இன் (in) என்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘இல்’தானே? (தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: ஆமாம், நம் ‘இல்’ ஒரே ஆளாக ஆன், இன், அட் என்ற மூன்று பேர் வேலையைப் பார்க்கிறது. மேசையில், சென்னையில், வாசலில், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டிக்கு ஒரு நாட்டு வழி சொல்கிறேன்: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ஆன், குனிந்து நுழைந்து உட்கார வேண்டியதென்றால் இன். பஸ், ரயில், கப்பல், விமானம் ஆன். கார், ஆட்டோ இன். பைக், குதிரை மேலே ஏறி உட்காருவது, அதனால் ஆன். ஃபுட்போர்டில் தொங்குகிறவருக்கும் ஆன்தான், டிக்கெட் எடுத்தாரா என்பது வேறு விஷயம்.

கேள்வி: க்ளோஸ் டெஸ்ட் என்றால் மூடும் தேர்வா? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒரு பத்தியில் சில சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் தேர்வு அது. கதவு மூடுகிற க்ளோஸ் இல்லை, ஆனால் தூரத்துச் சொந்தம். பூர்த்தி செய்வது என்ற பொருளில் வரும் ‘க்ளோஷர்’ என்ற சொல்லிலிருந்து 1953-ல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் அந்தப் பெயரை உண்டாக்கினார். வேடிக்கை என்னவென்றால், அவர் சோதித்தது படிப்பவரை அல்ல, எழுத்தை. ஒரு கட்டுரையில் ஒரே இடைவெளியில், உதாரணமாக ஒவ்வொரு ஐந்தாவது சொல்லாக, எடுத்துவிட்டு வாசகர்களிடம் கொடுப்பார், நிறையப் பேர் சரியாக நிரப்பினால் கட்டுரை எளிமையாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் முன்னால் 1897-ல் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் எவ்வளவு களைத்துப் போகிறார்கள் என்று பார்ப்பதற்கு இதே மாதிரி விடுபட்ட இடங்களைக் கொடுத்திருக்கிறார். இன்றைக்குத் தேர்வே களைப்பாகிவிட்டது.

இந்த வகைக் கேள்வியில் முதல் கோட்டிலேயே நின்று மண்டையை உடைக்காமல் பத்தியை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள், முதல் கோட்டுக்கான துப்பு மூன்றாம் வரியில் கிடக்கும். முன் பாதியில் ‘ஆல்தோ’ இருந்தால் பின் பாதித் தொடக்கத்தில் ‘பட்’ போடக் கூடாது, ‘மழை பெய்தாலும், ஆனால் போனேன்’ என்று நாமும் சொல்வதில்லை.

கேள்வி: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக டிக் அடிக்கலாமா, நெகட்டிவ் மார்க் பயமாக இருக்கிறது. (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கித் தேர்வில் ஐந்து விடைகள், தப்பானால் கால் மார்க் போகும். கண்ணை மூடி ஐந்து கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரியாகி ஒரு மார்க் வரும், நான்கு தப்பாகி ஒரு மார்க் போகும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையையாவது நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் கொஞ்சம் லாபம், இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்காமல் அடியுங்கள். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் நான்கு விடைகள், கேள்விக்கு 2 மார்க், தப்பானால் அரை மார்க், அங்கே கண்ணை மூடி அடித்தாலும் சராசரியில் சின்ன லாபம் நிற்கும். சராசரிதான், உங்கள் அதிர்ஷ்டத்துக்கு நான் பொறுப்பில்லை.