டெஸ்லாவைக் காட்டிப் படிப்பை நிறுத்த நினைக்கும் மகன்

மதிப்பிற்குரிய ஐயா,

மின்பொறியியல் மூன்றாம் ஆண்டில் ஐந்து அரியர் வைத்திருக்கும் தங்கள் மகன், "மாறுமின்னோட்ட (AC) மோட்டாரை உருவாக்கிய நிக்கோலா டெஸ்லாவே பட்டம் வாங்கவில்லை" என்று சொல்லிக் கல்லூரியை விட்டு நிற்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

1875-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த டெஸ்லா, முதலாண்டில் தேவைக்கு மேலாகவே தேர்வுகள் எழுதித் தேறியவர். பின்னர் சூதாட்டத்தில் விழுந்து, தேர்வெழுதாமல் வெளியேறினார். பட்டம் போனது சூதாட்டத்தால். மோட்டார் பிறந்ததோ அதே கல்லூரியின் வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வியால்.

அங்கே பேராசிரியர் ஒரு நேர்மின்னோட்ட (DC) இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது, மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ்கள், சுழலும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தில் உரசும் இடத்தில் தீப்பொறி பறந்தது. தங்கள் வீட்டு மிக்ஸியை இருட்டில் ஓட்டினால், அடியிலுள்ள காற்றுத் துளைகள் வழியே தெரியும் நீலப் பொறியும் அதே வகைதான். அந்த உரசலே இல்லாமல் மோட்டாரை ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். நடக்காத காரியம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே மறுத்தார். கேள்வி மட்டும் டெஸ்லாவை விடவில்லை. 1882-இல், புடாபெஸ்டில் தொலைபேசி நிலைய வேலைக்காகத் தங்கியிருந்த நாட்களில், பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது: ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் மாறுமின்னோட்டங்களைத் தனித்தனிச் சுருள்களில் செலுத்தினால், காந்தப்புலமே சுழன்று, மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரைத் தொடாமலேயே இழுத்துச் செல்லும். 1888 மே மாதம் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கத் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினார். 1896-இல் நயாகரா அருவியிலிருந்து மாறுமின்னோட்டமாக எடுத்த மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. தங்கள் தோட்டத்து மும்முனை பம்புசெட் மோட்டார் அந்த வழியில் வந்ததுதான்.

இடையில் 1886-87-இல், மோட்டாரை மனத்தில் வைத்துக்கொண்டே, டெஸ்லா நியூயார்க்கில் கூலிக்குப் பள்ளம் தோண்டினார் என்பதைத் தம்பி படித்திருக்கிறாரா, தெரியவில்லை. தங்களுக்கும் ஒரு செய்தி: மகன் பாதிரியாராக வேண்டும் என்றிருந்த டெஸ்லாவின் தந்தை, அந்த மகன் காலராவில் மாதக்கணக்கில் படுத்த பிறகுதான் பொறியியலுக்குச் சம்மதித்தார்.

விடுமுறைக்கு வரும்போது கண்டிக்க வேண்டாம். மிக்ஸி மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் இருக்கிறது, பம்புசெட் மோட்டாருக்கு ஏன் இல்லை என்று மட்டும் கேளுங்கள். காகிதத்தை எடுத்து மூன்று அலைகளை 120 பாகை இடைவெளியில் வரைந்து விளக்கத் தொடங்கினால், துறையில் பிடிப்பு இருக்கிறது. இடறுவது பெரும்பாலும் கணிதத்திலோ மின்காந்தவியலிலோதான் இருக்கும். அதற்குத் தனிப்பயிற்சி வைத்து, செமஸ்டருக்கு இரண்டு தாளாக முடித்துவிடலாம். எரிச்சலோடு எழுந்து போனால், வேறு படிப்பைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவுக்கு டெஸ்லாவைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குப் பட்டமின்றி விண்ணப்பிக்கவே முடியாது என்பதையும் அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்து தாள்களும் எவை, ஒவ்வொன்றையும் எத்தனை முறை எழுதினார் என்ற விவரம் தங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்டு எழுதுங்கள். எந்தத் தாளை முதலில் எடுப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.