சங்கேத எழுத்தும் பாஸ்வேர்டும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

ரெண்டு நாளா சேர்ந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சுல பதில் போடுறேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், சாவிய, அதாவது எழுத்த எப்படி மாத்தினோம்னு சொல்ற ரகசிய நம்பர, மெசேஜ் போற அதே வழில அனுப்பாதீங்க. இத இன்னும் நாலு தடவ சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி (குட்டிமை): அண்ணா, நானும் என் தோழியும் மட்டும் படிக்கிற மாதிரி தமிழ்லயே ஒரு ரகசிய எழுத்து வேணும். 247 எழுத்துக்கும் 247 குறி போடணுமா?

பதில்: வேணாம்மா, நீயே மறந்துடுவ. உயிர்க்குறிய அப்படியே விட்டுட்டு 18 மெய்ய மட்டும் மாத்து. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, இந்த வரிசைல ஒவ்வொண்ணையும் ஒரு இடம் தள்ளினா "நாளை வா" வந்து "பாறை ழா" ஆயிடும். பாக்க ஜோரா இருக்குல்ல? ஆனா ழ-ல ஆரம்பிக்கிற தமிழ்ச் சொல்லே கிடையாது, அங்கயே மாட்டிக்கும். "எங்க"ன்னு எழுதினா "எச்ங". தமிழ்ல ங் வந்தா பின்னாடியே க வந்து நிக்கும், அதனால திரும்பத் திரும்ப வர்ற ஜோடிய பாத்தே பிடிச்சுடலாம். அதுவும் வேணாம், மொத்தம் 17 விதமாதான் தள்ள முடியும், ஒரு டீ ஆறுறதுக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பாத்துடுவாங்க. ஜூலியஸ் சீசர் 3 எழுத்து தள்ளி எழுதினாரு, 9ம் நூற்றாண்டுலயே அரபு அறிஞர் அல் கிந்தி எந்த எழுத்து எத்தனை தடவ வருதுன்னு எண்ணி உடைக்கிற வழிய எழுதி வச்சுட்டாரு.

கொஞ்சம் கெட்டியா வேணும்னா ஒரே அளவு தள்ளாத. ரெண்டு பேரும் ஒரு நம்பர் வச்சுக்கோங்க, 2, 5, 7ன்னு வை. முதல் எழுத்த 2 தள்ளு, அடுத்தத 5, அதுக்கடுத்தத 7, மறுபடியும் 2. ன தாண்டினா திரும்ப க. இப்ப "நாளை வா" வந்து "மாசை சா". கவனிச்சியா, ள-வும் ச ஆச்சு, வ-வும் ச ஆச்சு, எண்ணிப் பாக்குறவன் குழம்பிடுவான். இதே யுக்திய இத்தாலில பெல்லாசோ 1553லயே எழுதிட்டாரு, ஆனா பேரு என்னவோ விஜினேர்னு இன்னொருத்தருக்குப் போச்சு. உடைக்கவே முடியாதுன்னு ரொம்ப காலம் நம்பினாங்க, 1863ல ஜெர்மன் ராணுவ அதிகாரி காசிஸ்கி உடைக்கிற வழிய அச்சுல போட்டாரு: ஒரே துண்டு எத்தனை எழுத்து தள்ளி திரும்ப வருதுன்னு அளந்தா சாவியோட நீளம் வெளிய வந்துடும். அதனால சாவி நீளமா இருக்கட்டும். நம்பர நேர்ல சொல்லு, மெசேஜ்ல அனுப்பாத.

கேள்வி (அரைத்தூக்கம்): முறையே வெளிய தெரியலைன்னா எவன் உடைப்பான்? நானே கண்டுபிடிச்ச குறி, உலகத்துல வேற யாருக்கும் தெரியாது.

பதில்: ஸ்காட்லாந்து ராணி மேரியும் அப்படித்தான் நினைச்சாங்க. எழுத்துக்கு ஒரு குறி, சில சொல்லுக்கு தனிக்குறின்னு வச்சு, சிறைல இருந்து பீப்பாய்க்குள்ள ஒளிச்சு கடிதம் போச்சு. 1586ல இங்கிலாந்து ராணி எலிசபெத்தோட ஆளுங்க நடுவுல பிரிச்சு படிச்சுட்டு, சதிக் கூட்டாளிங்க பேர கேக்குற மாதிரி அதே குறிலயே கடைசில ரெண்டு வரி சேத்தும் விட்டாங்க. அடுத்த வருஷம் தலை போச்சு. கோட் மேல இருந்த நம்பிக்கைலதான் அந்தம்மா எல்லாத்தையும் வெளிப்படையா எழுதினது. முறை எதிரிக்குத் தெரிஞ்சாலும் சாவி தெரியாத வரைக்கும் தாங்கணும்னு கெர்க்காஃப்ஸ்ங்கிற சங்கேத நிபுணர் 1883ல சொன்னதுதான் இன்னைக்கும் கணக்கு.

கேள்வி: பாஸ்வேர்டுக்கு பேரு, பிறந்த வருஷம், நடுவுல ஒரு அட் குறி. போதுமா?

பதில்: போதாது.

கேள்வி: குழந்தை பேரு, பிறந்த வருஷம், கடைசில ஆச்சரியக்குறி?

பதில்: மேல பாருங்க.

கேள்வி: அப்ப ஞாபகமும் இருக்கணும், பலமாவும் இருக்கணும்னா என்னதான் வைக்கிறது?

பதில்: தாயக்கட்டை மாதிரி பகடைய உருட்டுங்க, நிஜமாத்தான் சொல்றேன். 5 தடவ உருட்டினா ஒரு அஞ்சு இலக்க எண், மொத்தம் 7776 விதம், எண்ணுக்கு ஒரு சொல்லுன்னு ரெடிமேட் லிஸ்ட் நெட்ல இருக்கு, டைஸ்வேர்னு தேடுங்க. இப்படி 6 சொல்லு எடுத்தா 22க்கு பின்னாடி 22 சைபர் போட்ட அளவு வாய்ப்பு. தவளை, ஏணி, குடைன்னு வந்தா குடை பிடிச்ச தவளை ஏணில ஏறுறதா மனசுல ஒரு படம் போட்டுக்கோங்க, மறக்காது. சொல்லு பிடிக்கலைன்னு திரும்ப உருட்டாதீங்க, நீங்க தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சா பகடைக்கு வேலையே இல்ல. குறள், பாட்டு வரியும் வேணாம்.

கேள்வி (பூட்டுக்காரி): சார், என் வழி வேற. கீபோர்டு இங்கிலீஷ்ல இருக்கும்போதே தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு பழக்கத்துல தமிழ் வார்த்தைய தட்டிடுவேன். வர்றது கன்னாபின்னான்னு இருக்கும்.

பதில்: அழகான யோசனை மேடம், ஆனா உங்க கண்ணுக்குத்தான் கன்னாபின்னா. அகராதி முழுசையும் தமிழ்99 தட்டலா மாத்த ஒரு சின்ன புரோகிராம் போதும்.

அரைத்தூக்கம்: ஹேக்கருக்கு தமிழ் தெரியவா போகுது?

பதில்: தம்பி, மேரி கதைய இப்பதானே சொன்னேன். அவனுக்குத் தெரிய வேணாம், லிஸ்ட்டுல இருந்தா போதும். 2009ல ஒரே லீக்ல 3 கோடிக்கு மேல பாஸ்வேர்டு வெளிய வந்துச்சு, அந்த மாதிரி லிஸ்ட்ட வச்சுத்தான் ஊகிக்க ஆரம்பிப்பான்.

பூட்டுக்காரி: அந்த லிஸ்ட்டுல தமிழ்99 தட்டல் இருக்காதே!

பதில்: சரி, பாதி ஒத்துக்குறேன், லட்சம் பேர மொத்தமா வலை வீசுறவன் இதுக்கெல்லாம் மெனக்கெட மாட்டான். உங்கள மட்டும் குறி வைக்கிறவன், உங்க பழக்கம் தெரிஞ்சவன், மெனக்கெடுவான். இன்னொண்ணு, இதே வேலைய செஞ்சு நான் பட்டிருக்கேன். ஒரு நாள் அவசரத்துக்கு ஃபோன்ல திறக்கப் போனா, எந்த எழுத்து எங்கன்னு விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியல. கீபோர்ட மனசுல வரைஞ்சு வரைஞ்சு தட்டி மூணு தடவ தப்பு, கணக்கு பூட்டிக்கிச்சு. பகடைல வந்த ஆறு சொல்ல தமிழ்99ல தட்டுறேன்னா தாராளமா தட்டுங்க, பலம் சொல்லுலதான் இருக்கு, தட்டுறதுல இல்ல.

பூட்டுக்காரி: பாதி ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்.

கேள்வி: பாஸ்வேர்ட மாசா மாசம் மாத்தணுமா?

பதில்: லீக் ஆச்சுன்னு தெரிஞ்சா மாத்துங்க. கட்டாயமா மாத்தச் சொன்னா ஜனங்க கடைசி நம்பர மட்டும் ஒண்ணு கூட்டுறாங்க. அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பு நிஸ்ட்டே 2017ல அத வேணாம்னுட்டாங்க.

கேள்வி: என் ஆளோட டைரில ஒரு பக்கம் குறியா இருக்கு, போட்டோ அனுப்பவா?

பதில்: அனுப்பாதீங்க. அவங்ககிட்டயே கேளுங்க.

கேள்வி: பேரோட எழுத்த தலைகீழா போட்டு பிறந்த வருஷம் சேத்தா?

பதில்: தலைகீழா நின்னாலும் அதே பதில்தான்.

குட்டிமை: அண்ணா, மட்ணி அந்யா!

பதில்: நன்றியெல்லாம் எதுக்கும்மா, தப்பில்லாம போட்டிருக்க. ஆனா அ அப்படியே நிக்குது பாத்தியா, அதுக்கும் ஒரு குறி வை. அப்புறம் 2, 5, 7 இங்க எல்லாருமே படிச்சாச்சு, இன்னைக்கே மாத்திடு. புது நம்பர எனக்குக்கூட சொல்லாத.