கேள்வியை அவரிடமே கேளுங்கள்

கேள்வி: காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு எத்தனை காப்பி வேண்டும் என்று, கூட வந்த தம்பியிடம் கேட்டேன். திரும்பும்போது படி இறங்க உதவலாமே என்று நாற்காலியைப் பிடித்துத் தள்ளினேன். "சொல்லாம தொடாதீங்க" என்று கோபித்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தானே செய்தேன்?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் எண்ணத்தில் குறையில்லை, சகோதரி. ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காகிதம் அவருடையது, காசும் அவருடையது. கேள்வி மட்டும் ஏன் தம்பிக்குப் போக வேண்டும்? அவர் முகத்தைப் பார்த்து அவரிடமே கேளுங்கள். பேச்சு திக்கி வருகிறவர் என்றாலும், முடிக்கும்வரை காத்திருங்கள். நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்த நாற்காலி. உட்கார்ந்திருப்பவருக்கு அது உடம்பின் ஒரு பகுதி மாதிரி. படியில் முன்பக்கமாகத் தள்ளி இறக்கினால் ஆள் குப்புற விழுந்துவிடலாம். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி பின்பக்கமாக, மெதுவாக இறக்க வேண்டும். அதனால்தான் "உதவட்டுமா, எப்படிப் பிடிக்கணும்?" என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டால் போதும், நீட்ட வேண்டாம்.

நம் வேலூரில் இதெல்லாம் புதிதாகத் தெரியக் கூடாது என்பது என் ஆதங்கம். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானவரும் அவர்தான்.

தொழுநோய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால், நோய் குணமாகி, விரல் மடங்கிய நிலையில் வருபவர்கள் உங்கள் கடைக்கும் வரலாம். அவர்களிடமிருந்து நோய் ஒட்டாது. மீதிச் சில்லறையை மேசையில் வீசாமல் கையில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களையும் மாற்றுத்திறனாளிகளாகவே சொல்கிறது.

பார்வையற்றவர் வந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்தப் படி. அரை அடி உயரம் என்றால் சாய்தளம் ஆறடி நீளம் வேண்டும். குட்டையாக, செங்குத்தாகப் போட்டால் ஆபத்து. அவ்வளவு இடம் இல்லையென்றால், நீங்களே வெளியே வந்து காகிதத்தை வாங்கிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.