11 பேர், 2 பெர்மிட்: பவுண்டரி வாட்டர்ஸில் ஒரே இடத்தில் கூடாரம் போடலாமா?

போட முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில், படகில் சுற்றும் ஏரிக் காடான பவுண்டரி வாட்டர்ஸில் எத்தனை பெர்மிட் வைத்திருந்தாலும் 9 பேர், 4 படகுகளுக்கு மேல் ஓரிடத்தில் சேரக்கூடாது. கூடாரம் போடும் இடம் மட்டுமல்ல, ஏரி நடுவிலும், படகைத் தோளில் சுமந்து கடக்கும் பாதையிலும் இதே கணக்குதான். மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் 11 பேரும் கூடினாலும் மீறல்.

ஒரு பெர்மிட்டுக்கு 9 என்றால் இரண்டுக்கு 18 என்று கூட்டியிருப்பீர்கள் போல. பலர் சறுக்கும் இடம் இது.

6, 5 எனப் பிரியுங்கள். இரு அணிக்கும் தனி அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, வரைபடம், முதலுதவிப் பை வேண்டும். ஒன்றைப் பங்கு போட்டால் மாலைக்குள் தேடிப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். நுழைவிடமும் வேறாக இருந்தால் நல்லது.

கிளம்பும்முன் இரண்டு பாதைகளையும் ஒரே வரைபடத்தில் நாள்வாரியாகக் குறித்துப் பாருங்கள். ஒரே சுமைப்பாதையை ஒரே நேரத்தில் தொடுகிறதா? தொட்டால் ஓர் அணியின் நேரத்தைத் தள்ளுங்கள்.

மே 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் இரவு தங்கும் பெர்மிட்டுகளுக்கு எண்ணிக்கை ஒதுக்கீடு. 9 பேர் வரம்போ வருஷம் முழுக்க. இதை வேறு காட்டுக்குப் பொருத்தாதீர்கள்: கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பாதையோடு நடந்து இரவு தங்க 15 பேர், பாதை விலகினால் 8 பேர்தான்.